சம்மதம் சொன்ன தெரு

பங்குனி மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில், வெண்மணற்குடி சிப்பிக்காரத் தெருவில் இருந்த இருபத்திரண்டு வீடுகளில் இருபத்தொரு வீடுகளுக்குள் வீட்டுக்கொருவன் வந்து உட்கார்ந்திருந்தான். கதவைத் தட்டவில்லை, பூட்டை உடைக்கவில்லை, ஓட்டைப் பிரிக்கவில்லை. வாசல் தெளித்த பெண்கள் கோலப்பொடி எடுக்க உள்ளே திரும்பியபோது, மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில் சட்டை போட்ட ஒருவன் சுவரோரம் சம்மணம் போட்டிருந்தான். மடியில் நீளமான நோட்டு, கையில் பென்சில், வயது சொல்ல முடியாத முகம், பார்த்த மறுநிமிடமே மறந்துபோகிற முகம். யாருய்யா நீ என்று கேட்டவர்களுக்கெல்லாம் எல்லா வீட்டிலும் ஒரே குரலில் ஒரே பதில்தான் வந்தது.

"நீங்க சம்மதம் சொன்னீங்க, வந்தேன்."

அதற்குப் பிறகு அவர்கள் வாய் திறக்கவில்லை. எழுதினார்கள்.

சம்மதம் சொன்னது உண்மைதான். வெண்மணற்குடியில் உப்பைத் தவிர வேறு விளைச்சல் கிடையாது. கடல் தண்ணீரைப் பாத்தியில் தேக்கி, நாள் கணக்கில் வெயிலுக்குக் காத்திருந்து, வாரிக் குவித்த அம்பாரத்தை அரைமணி நேர மழை கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால், அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கிறவர்களாக இருந்தார்கள். மாசிக் கடைசியில் 'மழைக்காவல்' என்று ஓர் இலவச ஆப் செல்போனிலிருந்து செல்போனுக்கும் லேப்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கும் தாவி அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. மழை வருவதற்கு இருபது நிமிடம் முன்பே அது மணியடித்துச் சொன்னது, சொன்னபடியே மழையும் வந்தது, தார்ப்பாய் போட்டு மூடிய உப்பு தப்பித்தது. அதை இறக்கிக்கொள்ளும்போது சின்ன எழுத்தில் ஒரு நீண்ட பத்தி வரும், அதன் அடியில் பச்சையாக ஒரு பட்டன், அதில் 'சம்மதம்' என்று எழுதியிருக்கும். தெருவே அதை அழுத்தியது. அந்தப் பத்தியை முழுக்கப் படித்தது ஒரே ஓர் ஆள், பேருந்து நிலையத்துக்கு எதிரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த தங்கபுஷ்பம்; யாரும் வந்து உட்காராத அந்த இருபத்திரண்டாவது வீடு அவளுடையது.

"மழையச் சொல்லுததுக்கு எதுக்கு என் கேமரா? எதுக்கு மைக்கு? நான் யாருக்கு என்ன எழுதுதேன்னு இதுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று அவள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். "வாசல்ல நின்னு வானத்தப் பாத்துச் சொல்லுதேங்கிறவன், பீரோ சாவியக் குடுன்னு கேட்டா குடுத்துருவீயளா?" கேட்டவர்கள் சிரித்தார்கள். அவள் தன் லேப்டாப்பின் கேமரா மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருக்கிறவள், ஊரில் அதையே ஒரு வேடிக்கையாகப் பேசுவார்கள்.

முதல் வாரம் வந்தவர்களைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. இரண்டாவது வாரம், வீட்டுக்கு வந்தவனைத் தரையில் உட்கார வைப்பது முறையில்லை என்று யாரோ சொல்ல, பாத்திரக்கடைக்காரர் ஒரு லாரி பிளாஸ்டிக் நாற்காலி இறக்கி ஒரே நாளில் விற்றார். அவர்கள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, குளிப்பதில்லை, ஆனாலும் அழுக்காவதில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், அன்று எழுதிய தாள்களைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார்கள். கடல் காற்று அவற்றை வாங்கிக்கொண்டு உப்பளங்களுக்கு மேலாக வடக்கே கொண்டுபோகும். இருபத்தொரு ஜன்னல்களிலிருந்தும் வெள்ளைத் தாள்கள் கிளம்பிப் போவதைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிறகு பக்கத்துத் தெருவிலும் அதே நடக்கத் தொடங்கியதால் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

சித்திரை பிறந்தபோது வீடுகள் மந்தமாகியிருந்தன. அரிசி வேக வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரம் பிடித்தது, மின்விசிறி வேண்டாவெறுப்பாகச் சுற்றியது, சுவர்க் கடிகாரம் பின்தங்கியது, பிள்ளைகளைக் கூப்பிட்டால் சற்று நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளி சாய்ந்திருக்கும் சுவரைத் தொட்டால் நெடுநேரம் பேசிய செல்போனைப் போலச் சுட்டது. வெயில் காலம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். பிறகு வியாபாரிகள் வர ஆரம்பித்தார்கள். மாரிக்கனி என்ற பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது, அதை அவள் புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை, குளியலறையில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்ததோடு சரி. மறுநாள் காலை ஒருவன் தொட்டில் விற்றுக்கொண்டு வந்து, மற்ற வீடுகளையெல்லாம் தாண்டி அவள் வாசலில் மட்டும் நின்றான். வீட்டுக்குள் மட்டும் இருமிய ஒருவரைத் தேடி, தூரத்து ஊர் மருத்துவமனையின் ஆள் சீட்டோடு வந்தான்.

அப்போதுதான் தெருவில் சத்தம் குறைந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் கண்ணால் நடந்தன. தாலாட்டுகள் நின்றன. மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டியவர்கள் உப்பளத்து வரப்பில் வெகுதூரம் நடந்துபோய், செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, காற்றுக்கு எதிராக நின்று சொன்னார்கள். ஆனாலும் யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை, ஏனென்றால் மழைக்காவல் தவறாமல் மணியடித்தது, அந்த வருஷம் சிப்பிக்காரத் தெருக்காரர்களின் உப்பில் ஒரு குத்துகூடக் கரையவில்லை.

"நாம என்ன திருட்டா பண்ணுதோம்? ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?" என்றார் பால்வண்ணம் அண்ணாச்சி. தெருவிலேயே பெரிய அளம் அவருடையது, அறுபத்தாறு வயது, மனைவி சிவகாமி இறந்து நான்கு வருஷமாகத் தனியாக இருந்தார். அவர் வீட்டு விருந்தாளிக்குத்தான் நல்ல மர நாற்காலி. "அவன் பாட்டுக்கு எழுதுதான். எழுதிட்டுப் போகட்டும்." அவர் சொன்னால் தெருவில் மறுபேச்சு இருக்காது.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, கோகிலவாணி தங்கபுஷ்பத்தின் முன்னால் வந்து நின்றாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆறு வயது மகள் செவ்வந்தியோடு அந்தத் தெருவுக்குக் குடிவந்தவள், உப்பு பாக்கெட் போடும் ஆலையில் அயோடின் அளவு சோதிக்கிற வேலை, யாரோடும் அதிகம் பேசமாட்டாள். கையில் செல்போன் இல்லை. வெறுங்கையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அந்த மழை ஆப்பைப் போடவே இல்ல. எனக்கு உப்பும் இல்ல, அளமும் இல்ல. ஆனா என் வீட்லயும் ஒருத்தன் இருக்கான்."

தங்கபுஷ்பம் திருப்புளியைக் கீழே வைத்தாள். "எப்ப வந்தான்?"

"மத்தவங்க வீட்ல பங்குனியில வந்தாங்க. என்னோடவன் ரொம்ப நாளா இருக்கான்னு நினைக்கிறேன். கரூர்ல இருந்தப்பவே அறையில வேற யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கும். அங்கிருந்து தப்பிச்சு திண்டுக்கல் போனேன், அங்கயும் கேட்டுச்சு. எனக்குத்தான் புத்தி சரியில்லன்னு நினைச்சேன். இங்க எல்லார் வீட்லயும் வந்து உக்காந்த அன்னிக்குத்தான் அவனும் கண்ணுக்குத் தெரிஞ்சான். மத்தவங்க வாசலோரமா உக்காந்திருக்காங்க. இவன் பாப்பா படுக்கைக்கு எதிர்ல உக்காந்திருக்கான்."

அவள் தப்பித்து வந்தது புருஷனிடமிருந்து. கதிரேசன் என்று பெயர். இரண்டு முறை அவள் கையை ஒடித்திருக்கிறான், மூன்றாவது முறை செவ்வந்தியின் பக்கம் திரும்பினான், அன்று காலை ஆறரை மணி பஸ்ஸில் அவள் கிளம்பிவிட்டாள். ஊரை மாற்றினாள், செல்போன் எண்ணை மாற்றினாள். நேற்று தெரியாத எண்ணிலிருந்து புது எண்ணுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதை அவள் மனப்பாடமாகச் சொன்னாள்: "பாப்பாவுக்கு இருமல் இன்னும் விடலையா? துளசி போட்டுக் குடு."

தங்கபுஷ்பம் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். "கரூர்லேருந்து என்ன எடுத்துட்டு வந்தே?"

"துணி. சர்ட்டிபிகேட். லேப்டாப். சர்ட்டிபிகேட் எல்லாம் அதுக்குள்ளயும் இருக்கு."

"லேப்டாப் யாரு வாங்கிக் குடுத்தா?"

கோகிலவாணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கல்யாண நாளுக்கு அவன் வாங்கித் தந்தது. பாஸ்வேர்டும் அவன்தான் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் லேப்டாப் வந்தது, கூடவே அந்த ஆளும் வந்தான். கோகிலவாணியின் பத்தடிக்குப் பின்னால் நடந்துவந்து, கடை வாசலில் குந்தி, பென்சிலைத் தீட்டிக்கொண்டான். அதனால் கடைக்குள் இருவரும் விசைப்பலகை கெட்டுப்போனதைப் பற்றி மட்டும் பேசினார்கள். தங்கபுஷ்பம் இரண்டு மணி நேரம் தேடினாள். பிரின்டருக்கான ஒரு சாதாரணப் பெயரில், யாரும் திறந்து பார்க்காத இடத்தில் ஓர் உளவு புரோகிராம் இருந்தது. தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் எடுக்கிறது, கேமராவைத் திறக்கிறது, மைக்கைத் திறக்கிறது, எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் சொல்கிறது. அவள் புதிய செல்போனை சார்ஜ் செய்ய இதில் சொருகிய நாளிலிருந்து அந்தச் செல்போனையும் சேர்த்துக்கொண்டது. தங்கபுஷ்பம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள். *இருக்கு. இப்ப எடுக்கக் கூடாது. சாயங்காலம் வரப்புக்கு வா. எதையும் கொண்டுவராதே.*

வரப்பில், இரண்டு பக்கமும் பாத்திகள் வெள்ளையாக வெந்துகொண்டிருக்க, தங்கபுஷ்பம் சொன்னாள்: "இன்னைக்கே அழிச்சுப்புடலாம், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா தாள் போறது நின்னா அவனுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா கிளம்பி வருவான். அதனால மொதல்ல நாம தயாராவோம். அதுவரைக்கும் நீ சமை, துவை, பாப்பாவுக்குப் பாடஞ்சொல்லு. எழுதட்டும்."

"எத்தன நாள்?"

"நாலு நாள்."

அந்த நான்கு நாளும் கோகிலவாணி தன் வீட்டுக்குள் தன்னைப் போலவே நடித்தாள். பகலில் லேப்டாப்பையும் செல்போனையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆலைக்குப் போகிற வழியில் கடையில் நுழைந்து, தங்கபுஷ்பத்தின் சொந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மெயிலுக்கும் பேங்குக்கும் எல்லாவற்றுக்கும் புது பாஸ்வேர்டு போட்டாள். ஒன்றுக்குப் போட்டது இன்னொன்றுக்கு இல்லை, ஒவ்வொன்றும் நீளமாக, பிறந்த நாளோ பிள்ளையின் பெயரோ இல்லாமல். உள்ளே நுழைய இன்னொரு பூட்டும் போட்டார்கள்: பாஸ்வேர்டு தெரிந்தாலும், தங்கபுஷ்பம் வாங்கித் தந்த சின்ன பட்டன் போனுக்கு வருகிற எண் தெரியாமல் யாரும் திறக்க முடியாது. திரையில் தெரிந்ததையெல்லாம் படம் எடுத்து, தேதி போட்டு அச்சடித்து, மகளிர் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர் ஜெனோவாவிடம் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒருத்தன் உக்காந்திருக்கான்மா" என்றார், புகாரை வாங்கிப் பதிந்தார்.

ஐந்தாம் நாள் லேப்டாப்பையும் செல்போனையும் முழுக்கத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். சர்ட்டிபிகேட்டுகளை மட்டும் முன்பே தனியாக எடுத்துச் சோதித்து வைத்திருந்தார்கள். வேலை முடிகிற நேரத்தில் கடை வாசலில் குந்தியிருந்தவன் எழுந்தான். பென்சிலைக் காதில் செருகினான், கோகிலவாணியை முதல் தடவையாக நேராகப் பார்த்தான், பிறகு பக்கவாட்டில் திரும்பினான்; பக்கவாட்டில் அவன் ஒரு தாளின் கனம்தான் இருந்தான். காற்று அவனை எடுத்துக்கொண்டு போயிற்று. அன்று செவ்வந்தியின் வீட்டில் அரிசி அத்தனை சீக்கிரம் வெந்து பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, தாயும் மகளும் தங்கபுஷ்பமும் சிரித்துக்கொண்டே கஞ்சியைத் துடைத்தார்கள்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஆலையின் வாயில்காவலர், அவள் பெயருக்கு ஆலைக்கு வந்த ஒரு தபால் அட்டையைக் கொடுத்தார். "வீட்டைச் சுத்தம் பண்ணிட்டியாமே. நல்லது. அந்த நீலச் சேலை கிழிஞ்சுபோச்சு, இன்னும் எதுக்கு அதையே துவைச்சுக் காயப் போடுறே?"

தங்கபுஷ்பம் அட்டையை மேஜை மேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளுக்கு விளங்கியது. தாள்கள் வடக்கே போய்ச் சேருகிற இடத்தில், கேட்டவனுக்குக் கேட்ட தெருவை எடுத்துக் கொடுக்கிறார்கள். கோகிலவாணியின் வீட்டில் இப்போது யாரும் இல்லை, ஆனால் இடப்பக்கத்து வீட்டு நோட்டில், *அடுத்த வீட்டுப் பெண் நீலச் சேலை காயப் போட்டாள்* என்று இருக்கும், எதிர்வீட்டு நோட்டில் *எதிர்வீட்டுப் பிள்ளை இருமியது* என்று இருக்கும், இருபது வீட்டிலும் தெருவைப் பார்த்த ஜன்னல் இருந்தது. "ஏட்டி வாணி, ஒன் வீட்டுக் கதவ மட்டும் சாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றாள்.

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள், வீட்டுக்காரர்கள் விருந்தாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைப் படித்தார்கள். மாரிக்கனி படித்து முடித்ததும் தன் போனை அப்படியே எடுத்துத் தங்கபுஷ்பத்தின் கையில் வைத்தாள். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சிலர், உன் குடும்பத் தகராறுக்கு எங்க உப்பு கரையணுமா என்று கேட்கவில்லை, ஆனால் வானத்தைப் பார்த்தார்கள். கடையில் நான்கு நாள் கூட்டம் நின்றது. எதையெதையோ இலவசம் என்று இறக்கி வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் எதைப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறது என்று தங்கபுஷ்பம் திறந்து காட்டக் காட்ட, தங்கள் வீட்டுக்குத் தாங்களே எத்தனை கதவு வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆனி முதல் வாரத்துக்குள் பதினோரு வீடுகளிலிருந்து ஆட்கள் எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, காற்றில் போனார்கள். ஒன்பது வீடுகள் மீதம் இருந்தன. பால்வண்ணம் அண்ணாச்சி மறுத்ததால்தான் மற்ற எட்டும் தயங்கின.

"முடியாதும்மா" என்றார் அவர், காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "எனக்கு மழை தெரியணும். என்ன வேணா சொல்லு, எனக்கு மழை எப்ப வரும்னு தெரிஞ்சே ஆகணும்." அதற்கு மேல் கேட்கக் கோகிலவாணிக்கு மனம் வரவில்லை.

ஆனி பதினான்காம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் கதிரேசன் வந்தான். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினான், இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் ஒரு கட்டுத் தாள். அவனை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை, ஆனால் அவன் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அப்போது கோகிலவாணியின் வீட்டில் இருந்த தங்கபுஷ்பம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், உள் அறைக்குப் போய் இன்ஸ்பெக்டரைப் போனில் கூப்பிட்டாள். "பக்கத்து ஊர் பந்தோபஸ்துல இருக்கேன். அரைமணி நேரம். கதவத் திறக்காதீங்க, தெருவுல ஆளுங்கள நிக்க வைங்க" என்றார் ஜெனோவா.

தெருவில் ஆட்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவன்தான் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டு வந்தான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வாசலில் நிற்கிறவரின் அருகில் போய், ஒரு தாளை உருவி, ஒரே ஒரு வரியைப் படித்தான். முதல் வீட்டுக்காரர் தன் தம்பியைப் பற்றித் தன் மனைவியிடம் சொன்னதை அந்தத் தம்பி பக்கத்தில் நிற்கும்போதே படித்தான். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தபடி உள்ளே போனார்கள், கதவு சாத்தப்பட்டது. இரண்டாம் வீட்டுப் பெண்ணிடம் அவள் கல்யாணத்துக்கு முன் எழுதி அழித்த கடிதத்தின் தொடக்கத்தைப் படித்தான், கதவு சாத்தப்பட்டது. தைரியமாக மார்பை நிமிர்த்தி நின்ற ஒருவரிடம் ஒரு சொல், ஒரே சொல், அவர் முகம் வெளுத்து, கதவு. விருந்தாளியை என்றோ அனுப்பிவிட்டவர்களின் வீட்டுக் கதவுகளும் சாத்தப்பட்டன, ஏனென்றால் முன்பே போன தாள்கள் போனவைதான். தெருவின் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அவனுக்கு முன்னால் நடந்துவந்தது.

கோகிலவாணி செவ்வந்தியை அணைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா வந்துட்டாங்களாம்மா?" என்று குழந்தை கேட்டது, அவள் அதன் வாயைப் பொத்தவில்லை, தலையை மட்டும் அசைத்தாள்.

வெளியே மிஞ்சியவர் பால்வண்ணம் அண்ணாச்சி. அவர் வீடு கோகிலவாணியின் வீட்டுக்கு நேர் எதிர். கதிரேசன் அவர் முன்னால் நின்று தாள்களைப் புரட்டினான், அவருக்கு மட்டும் ஒரு தனிக் கட்டே இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க உள்ள போயிடுங்க. இது புருஷன் பொண்டாட்டி விஷயம்."

"எதுவா இருந்தாலும் போலீஸ் வரட்டும்யா."

கதிரேசன் படித்தான். "சிவகாமி, அன்னைக்கு மேகம் கட்டிருந்துச்சு. அம்பாரத்த மூடாம எப்படி வர? ஒனக்குக் காய்ச்சல்னுதான் நினைச்சேன். திரும்பி வந்து பாத்தா, சொம்பு கவுந்து கெடக்கு, தண்ணி எடுக்கப் போயிருக்கே, முடியல. மழையும் வரல சிவகாமி. அன்னைக்கு மழையே வரல." நிறுத்தி, தாளை மடித்தான். "தினமும் இதையே சொல்லியிருக்கீங்க. ஊர்ல என்ன சொல்லி வச்சிருக்கீங்க? பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டதா, உங்க மடியில உயிர் போனதா. இல்ல?"

சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து தெரு முழுவதும் அதைக் கேட்டது.

பெரியவர் அசையாமல் நின்றார். அவர் உள்ளே போகத்தான் திரும்பினார், படியில் ஒரு கால் வைத்தும்விட்டார். உள்ளே அவருடைய விருந்தாளி மர நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய முகம் போகிற போக்கைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து அவர் காலைத் திரும்ப எடுத்தார்.

"ஆமா" என்றார். அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "தண்ணிக்குத் தவிச்சுச் செத்தா. நான் உப்ப மூடிக்கிட்டு இருந்தேன். ஊருக்குப் பொய் சொன்னேன். சத்தமா வாசி, கடைசி வீட்டுக்குக் கேட்டிருக்காது." தெருவைக் கடந்து வந்து கோகிலவாணியின் வாசற்படியில் உட்கார்ந்தார். "மிச்சத்தையும் வாசி. நான் அழுததெல்லாம் இருக்கும். வாசிச்சு முடிச்சிட்டு, என்ன மிதிச்சிட்டு உள்ள போ."

கதிரேசன் தாள்களைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மாரிக்கனியின் கதவு திறந்தது. அவள் வயிற்றில் கை வைத்தபடி வந்து பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னோடது அஞ்சாவது தாளா ஆறாவது தாளா? வாசிங்க" என்றாள். பிறகு தம்பி வந்தான், அண்ணனும் வந்தார், ஒருவரை ஒருவர் பார்க்காமலே அருகருகே நின்றார்கள். கடிதம் எழுதி அழித்தவள் வந்தாள். தலை குனிந்துதான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள், அவன் ஒரு தாளை எடுத்து உரத்துப் படிக்கத் தொடங்கியபோது யாரும் எழுந்து போகவில்லை.

அப்போது மழை பிடித்தது. ஒன்பது வீடுகளில் மழைக்காவல் முன்பே மணியடித்திருந்தது, யாரும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. இப்போதும் ஓடினால் பாதி உப்பையாவது மூடலாம். ஒருவர் வானத்தைப் பார்த்தார், பிறகு கோகிலவாணியின் கதவைப் பார்த்தார், நின்ற இடத்திலேயே நின்றார். கதிரேசனின் கையில் தாள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டின, எழுத்துக்கள் கரைந்து அவன் சட்டையில் வழிந்தன, அவன் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான், பிரிக்கப் பிரிக்கக் கூழாகிக் கையோடு வந்தது. வெள்ளைத் தண்ணீர் உப்பளங்களிலிருந்து ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போகிற சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் அந்தத் தெருக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஜீப் வந்தபோது அவன் தரையில் மண்டியிட்டு, மண்ணில் விழுந்த கூழை அள்ளிக்கொண்டிருந்தான்.

அன்று மாலைக்குள் மீதி ஒன்பது வீட்டு ஆட்களும் போனார்கள். பால்வண்ணம் அண்ணாச்சி தன்னுடைய போனைத் தானே திறந்து, தங்கபுஷ்பம் காட்டிய இடங்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்தார். கடைசி இடத்தில் கொஞ்சம் தயங்கினார். "நாலு வருஷமா நான் பேசினதக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான்" என்று சொல்லி, அழுத்தினார். பக்கத்துத் தெருக்களில் தாள்கள் வழக்கம்போலக் கிளம்பி வடக்கே போயின. மாத முடிவில் 'மழைக்காவல்' வேறு பெயரில், வேறு நிறப் பட்டனோடு, திரும்ப ஊருக்குள் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஜெனோவா ஒளிக்காமல் சொன்னார். "பதினஞ்சு நாள்ல வெளிய வந்துருவான்மா. கேஸ் நடக்கும், நான் விடமாட்டேன். ஆனா இந்த ஊர் அவனுக்குத் தெரியும்."

பன்னிரண்டாம் நாள் காலை கோகிலவாணி வீட்டைக் காலி செய்தாள். ஆலையில் கணக்கு முடித்துக்கொண்டாள், லேப்டாப்பைத் தங்கபுஷ்பத்திடமே விட்டுவிட்டாள். தெரு முழுக்கப் பேருந்து நிலையத்துக்கு வந்தது; பால்வண்ணம் அண்ணாச்சி செவ்வந்தியின் பையைச் சுமந்து வந்தார், மாரிக்கனி வழிக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு என்று வாய் வரைக்கும் வந்ததை எல்லாரும் விழுங்கிக்கொண்டார்கள். குழந்தை ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது அண்ணாச்சி குனிந்து அதன் உதட்டில் விரல் வைத்து, "எனக்குச் சொல்லாதே தாயி, எனக்குத் தெரிஞ்சா யாருக்காவது தெரியும்" என்றார்.

நிலையத்தில் ஐந்தாறு பேருந்துகள் உறுமிக்கொண்டு நின்றன. கோகிலவாணி தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்தாள், விட்டாள், பிள்ளையை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். அவள் எதில் ஏறினாள் என்பதையோ, அதன் நெற்றியில் எழுதியிருந்த ஊர் எது என்பதையோ பார்த்துவிடக் கூடாதென்று, தங்கபுஷ்பமும் அவளோடு வந்திருந்த தெருவும் நிலையத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பின்னால் ஒவ்வொரு பேருந்தாகக் கிளம்பிப் போயிற்று. கடைசிப் பேருந்தின் சத்தமும் ஓய்கிற வரைக்கும் யாரும் திரும்பவில்லை.